பாறை, காப்பு நிதியம், மீன்: கிரிபாஸ் அரசின் நுகர்வுச் செலவு

ஓர் அரசாங்கம் ஓராண்டில் செலவழிக்கும் தொகை, அந்த நாடு முழுவதும் அந்த ஆண்டில் உற்பத்தி செய்ததைவிடக் கூடுதலாக இருக்க முடியுமா? முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் பசிபிக் பெருங்கடலின் நடுவே கிடக்கும் கிரிபாஸ் நாட்டில் அண்மைக் காலத்தில் சில ஆண்டுகள் அப்படித்தான் இருந்திருக்கின்றன. எழுத்தில் கிரிபாட்டி, பேச்சில் கிரிபாஸ். 33 தீவுகள், அவற்றில் இருபதுக்குச் சற்று மேற்பட்டவற்றில்தான் ஆட்கள் வசிக்கிறார்கள். நிலம் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டினாலும் 811 சதுர கிலோமீட்டர், அதாவது சென்னை மாநகராட்சியைப் போல் இரண்டு மடங்குகூட வராது. மக்கள் சுமார் 1.2 லட்சம். ஆனால் அந்தச் சிதறலைச் சுற்றி அந்த நாட்டுக்கு உரிமையான கடல் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரிது.

அரசின் மொத்தச் செலவை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அதன் ஒரு பகுதியான நுகர்வுச் செலவை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் வியப்பு குறைவதில்லை. உலக அளவில் அரசு நுகர்வு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 16, 17 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இந்தியாவில் 10, 11. கிரிபாஸ், துவாலு, மார்ஷல் தீவுகள் போன்ற பசிபிக் குறுநாடுகளில் நாற்பதைத் தாண்டுவது சாதாரணம். இந்த விகிதத்தைப் பார்த்ததும் பன்னாட்டு அறிக்கைகளில் ஒரு முகச்சுளிப்பு வந்துவிடுகிறது: வீங்கிய அரசு, மெலிந்த தனியார் துறை. அந்த முகச்சுளிப்பில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதி கணக்கு எழுதும் முறையால் விளைந்தது. அரை நூற்றாண்டு வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் எந்தப் பாதி எது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

எது நுகர்வு, எது இல்லை

தேசியக் கணக்கில் அரசு நுகர்வு என்பது குறுகலான பொருள் கொண்டது. ஆசிரியர், செவிலியர், காவலர், எழுத்தர் ஆகியோரின் சம்பளம். அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் வாங்கும் எரிபொருள், மருந்து, காகிதம். கட்டடமும் கருவியும் ஆண்டுதோறும் தேய்வதன் மதிப்பு. மக்களுக்கு இலவசமாக வழங்க வெளியே வாங்கும் பொருளும் சேவையும். இவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து அரசு வசூலிக்கும் கட்டணங்களைக் கழிக்க வேண்டும். துறைமுகம் கட்டினால் அது முதலீடு. முதியோருக்கு மாதப் பணம் கொடுத்தால் அது மாற்றுத்தொகை. கொப்பரைக்குக் கூடுதல் விலை கொடுத்தால் அது மானியம். மூன்றும் நுகர்வில் சேராது.

இந்தப் பிரிவினை நூலறிவு மட்டுமல்ல. 2016 மார்ச்சில் பதவிக்கு வந்த தானெட்டி மாமாவ் அரசு, கொப்பரைக்குக் கொடுக்கும் விலையைக் கிலோவுக்கு 1 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 2 டாலராக உயர்த்தியது. உலகச் சந்தை விலை அதற்கு வெகு கீழே. வெளித்தீவுகளில் தேங்காய் பொறுக்கி உலர்த்தும் குடும்பங்களுக்கு அது கைக்காசு. உண்மையில் உற்பத்தி மானியம் என்ற பெயரில் நடக்கும் சமூகப் பாதுகாப்பு. பெருந்தொற்றுக் காலத்தில் வேலையில்லாதோருக்கு மாதம் 50 டாலர் என்ற உதவியும் வந்தது. இரண்டும் பட்ஜெட்டில் கனமான வரிகள். இருந்தும் அரசு நுகர்வின் வரைபடத்தில் இவற்றின் தடம் இருக்காது. அதே பணத்தைக் கொண்டு வெளித்தீவுகளில் ஆயிரம் பேரைச் சாலைப் பணியாளராக நியமித்திருந்தால் வரைபடம் சட்டென்று எழும்பியிருக்கும். குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்த தொகை ஒன்றாகவே இருக்கும். புள்ளிவிவரம் மட்டும் வேறு கதை சொல்லும். ஆகவே நுகர்வு விகிதம் உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பதை மட்டும் வைத்து அரசு விரிந்ததா, சுருங்கியதா என்று தீர்ப்புச் சொல்வது சரியாகாது. கடந்த பத்தாண்டு கிரிபாஸ் கதையில் விரிந்தவற்றில் முக்கியமானவை நுகர்வுக்கு வெளியே இருக்கின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளிக்கூடமும் காவல் நிலையமும் சந்தையில் விலை போவதில்லை. அதனால் அவற்றின் உற்பத்தியை அவற்றுக்கு ஆன செலவாலேயே மதிப்பிடுகிறார்கள். ஆசிரியர் சம்பளம் பத்து சதவீதம் ஏறினால் அந்த ஆண்டின் விலைவாசியில் கணக்கிட்ட கல்வி உற்பத்தியும் அந்தக் கூடுதல் தொகை அளவு ஏறும், வகுப்பறையில் எதுவும் மாறாவிட்டாலும். பெரிய நாட்டில் இது ஓரத்து விவகாரம். அரசே பொருளாதாரத்தின் நடுத்தூணாக இருக்கும் தீவில், சம்பள உயர்வு விகிதத்தின் தொகுதியையும் பகுதியையும் சேர்ந்தாற்போல் தள்ளிவிடுகிறது. 1970 முதல் ஐக்கிய நாடுகள் புள்ளியியல் பிரிவு எல்லா நாடுகளுக்கும் தொகுத்துத் தரும் நீண்ட தொடர்வரிசையில் இத்தகைய சின்ன நாடுகளின் எண்கள் பலவும் மதிப்பீடுகளே. அந்தக் கோட்டின் சிறு நெளிவுகளுக்கெல்லாம் காரணம் தேடாமல், பெரிய மேடு பள்ளங்களை மட்டும் படிப்பதே விவேகம்.

பொருளியலாளர் சொன்ன காரணங்கள்

அரசுச் செலவு ஏன் வளர்கிறது என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியர் அடோல்ஃப் வாக்னர் சொன்ன விடை, நாடு செல்வம் பெறப் பெற அரசிடம் மக்கள் கேட்பதும் பெருகும் என்பது. கிரிபாஸ் விஷயத்தில் இது அதிகம் உதவாது. அங்கே அரசின் பங்கு செல்வத்தைத் தொடர்ந்து வளரவில்லை. நாடு பிறந்த நாளிலேயே பெரிதாகத்தான் இருந்தது.

1998இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் அவற்றிலிருந்தே தொடங்குகிறார்கள். அல்பெர்ட்டோ அலெசினாவும் ரொமெய்ன் வாக்சியார்க்கும் சொன்னது அளவு பற்றியது. ஒரு நாடு என்றிருந்தால் அதற்கு ஒரு குடியரசுத் தலைவர், ஒரு நாடாளுமன்றம், ஓர் உயர் நீதிமன்றம், சுங்கத்துறை, தூதரகம், புள்ளியியல் அலுவலகம் எல்லாம் வேண்டும். 1.2 லட்சம் பேருக்கும் வேண்டும், 12 கோடிப் பேருக்கும் வேண்டும். தலைக்கு வகுத்தால் சின்ன நாட்டுக்கு இது பாரம். டானி ராட்ரிக் சொன்னது ஆபத்து பற்றியது. வெளிச்சந்தையை நம்பி வாழும் நாடுகளில் ஏற்றுமதி விலை ஆடும்போது குடும்பங்களின் வருமானமும் ஆடும். அந்த ஆட்டத்துக்கு எதிரான காப்பீடாக அரசு நிலையான வேலைகளை வைத்திருக்கிறது என்றார் அவர். திறந்த பொருளாதாரங்களில் அரசு பெரிதாக இருப்பதற்கு முதலாமவர்கள் அளவையும், ராட்ரிக் ஆபத்தையும் காரணம் காட்டினார்கள். பின்னர் வந்தவர்கள் தரவுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் விவாதம் ஓயவில்லை.

இரண்டிலும் உண்மை உண்டு, ஆனால் இரண்டும் தீவின் மண்ணில் கால் பதிக்காதவை என்பது என் எண்ணம். அளவு மட்டுமே காரணம் என்றால் மொரீஷியஸில் விகிதம் ஏன் உலகச் சராசரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்கிறது? அதுவும் தீவுதான், மக்கள் 13 லட்சத்துக்குள். வேறுபாடு, மொரீஷியஸில் மக்கள் பெரும்பாலும் ஒரே தீவில் இருக்கிறார்கள். சர்க்கரை, ஆடை, சுற்றுலா, நிதிச்சேவை என்று தனியார் துறை எழுந்திருக்கிறது. கிரிபாஸில் தலைநகர் தாராவாவிலிருந்து கிரிஸ்மஸ் தீவு 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. வெகுகாலம் வரை விமானத்தில் அங்கே போக வேண்டும் என்றால் ஃபிஜி என்ற வேறொரு நாட்டுக்குப் போய்த்தான் போக வேண்டியிருந்தது. 1995 பிறக்கும்வரை நாட்டின் கிழக்குப் பாதிக்கும் மேற்குப் பாதிக்கும் தேதியே வேறு. அரசு அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேச வாரத்தில் நான்கு நாள்தான் கிடைத்தது. பன்னாட்டுத் தேதிக்கோட்டை வளைத்துத்தான் அதைச் சரிசெய்தார்கள். இங்கே ஒரு பள்ளியை நடத்தும் செலவை உயர்த்துவது ஆள்தொகையின் சிறுமை மட்டுமல்ல, இடையே கிடக்கும் நீர்ப்பரப்பும்தான். பாடப்புத்தகமும் தடுப்பூசியும் படகில் போக வேண்டும். இருபது மாணவர் இருந்தாலும் ஆசிரியர் வேண்டும்.

இதே நிலை நமக்கு அருகிலும் இருக்கிறது. கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. லட்சத்தீவில் 2011 கணக்கெடுப்பின்படி 64,000 பேர், பத்துத் தீவுகளில். கப்பல், ஹெலிகாப்டர், மருத்துவர், ஆசிரியர் எல்லாச் செலவும் தில்லி பட்ஜெட்டிலிருந்து போகிறது. லட்சத்தீவு தனிநாடாக இருந்திருந்தால் அதன் அரசு நுகர்வு விகிதத்தைப் பார்த்தும் யாராவது முகம் சுளித்திருப்பார்கள்.

பசிபிக் தீவுகளை நெருங்கி ஆராய்ந்தவர்கள் ஜெஃப் பெர்ட்ராமும் ரே வாட்டர்ஸும். 1985இல் அவர்கள் வைத்த வாதம், இந்தத் தீவுகள் நான்கு கால்களில் நிற்கின்றன என்பது: வெளியே போய் வேலை செய்வது, அங்கிருந்து வரும் பணம், வெளிநாட்டு உதவி, அரசு உத்தியோகம். இது வளர்ச்சிக்கு முந்திய இடைக்கால நிலையல்ல, நிலைத்து நிற்கக்கூடிய ஓர் ஏற்பாடு என்றார்கள். உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்யாத நாடு வாழவே முடியாது என்று நம்பிய காலத்தில் அது துணிச்சலான கூற்று. கிரிபாஸில் உதவியை விடப் பெரிதாக இருந்தது வாடகை வருமானம். முதலில் பாறைக்கு, பிறகு பணத்துக்கு, கடைசியில் கடலுக்கு.

பாறையின் காலம்

1900இல் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் கிரிபாஸின் பனாபா தீவில் உயர்தர பாஸ்பேட் இருப்பதைக் கண்டார். அந்தத் தீவு மக்களோடு அவருடைய நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தம் 999 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 50 பவுண்டு. 1920இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்த பாஸ்பேட் ஆணையம் அதை எடுத்துக்கொண்டு, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வேளாண்மைக்குச் சந்தை விலைக்குக் குறைவாகவே உரத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. பனாபா மக்கள் 1945 டிசம்பரில் ஃபிஜியின் ராபித் தீவுக்குக் கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள். எழுபதுகளில் அவர்கள் லண்டனில் தொடுத்த வழக்கு ஆங்கிலேய நீதிமன்றங்களின் மிக நீண்ட வழக்குகளில் ஒன்று. காலனி அரசின் சம்பளப் பட்டியலும் இந்தப் பாறையின் மேல்தான் எழுந்தது என்பதை அரசு நுகர்வைப் பேசும்போது மறக்கக் கூடாது. விடுதலைக்கு முந்திய ஆண்டுகளில் அரசு வருவாயில் ஏறக்குறைய பாதியும் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்கும் பாஸ்பேட்.

பாறை ஒருநாள் தீரும் என்பது 1950களிலேயே தெரிந்திருந்தது. 1956இல் காலனி நிர்வாகம் பாஸ்பேட் வரியின் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைக்கத் தொடங்கியது. அதன் பெயர் வருவாய்ச் சமனாக்கக் காப்பு நிதியம். உலகின் மிகப் பழைய அரசு முதலீட்டு நிதியங்களில் அது ஒன்று. நார்வேயின் எண்ணெய் நிதியத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. எழுபதுகளின் நடுவில் பாஸ்பேட் விலை எகிறியபோது நிதியமும் பருத்தது. 1979 ஜூலை 12 அன்று நாடு விடுதலை பெற்றபோது அதில் சுமார் 7 கோடி ஆஸ்திரேலிய டாலர் இருந்தது. அதே ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தலைக்கான உற்பத்தி பாதிக்கும் கீழே விழுந்தது. கொடி ஏறிய கையோடு வருவாய் இறங்கிய நாடு இது.

விகிதம் ஏன் அந்தக் காலத்தில் உயர்வாகத் தெரிகிறது என்பதற்கு இதுவே விடை. அரசு பெருக்கவில்லை, கீழே இருந்த தொகை சுருங்கிவிட்டது. ஆசிரியர்களையும் செவிலியர்களையும் அப்படியே வைத்திருந்தாலே பங்கு ஏறிவிடும்.

சிக்கனக்காரர் ஆண்ட பன்னிரண்டு ஆண்டு

முதல் குடியரசுத் தலைவர் இயெரேமியா தபாய்க்கு அப்போது வயது 29. காப்பு நிதியத்தில் கைவைக்காமல், அதன் வட்டியிலும் அளவாக எடுத்து, செலவை அடக்கி நடத்தினார். விடுதலைக்குப் பின்னும் பிரிட்டன் அன்றாட நிர்வாகச் செலவுக்குக் கொடுத்துவந்த மானியத்தை 1986 வாக்கில் வேண்டாம் என்றே நிறுத்திக்கொண்டது கிரிபாஸ். உதவி பெறும் நாடு தானாகவே கையை எடுத்துக்கொண்டது அரிய நிகழ்ச்சி. அதற்குச் சற்று முன்னால், 1985இல், சோவியத் மீன்பிடிக் கப்பல்களுக்கு ஓராண்டு உரிமம் கொடுத்து 15 லட்சம் டாலருக்கு மேல் பெற்றது. அமெரிக்கப் படகுகள் அதுவரை இந்தக் கடலில் சூரையைப் பிடித்துவிட்டுக் காசு கொடுக்க மறுத்துக்கொண்டிருந்தன; கரையோர நாட்டுக்குச் சூரையின் மேல் உரிமை இல்லை என்பது அன்றைய வாஷிங்டன் நிலைப்பாடு. சோவியத் கப்பல் வந்ததும் நிலைப்பாடு மாறியது. 1987இல் பசிபிக் தீவுகளோடு அமெரிக்கா மீன்பிடி உடன்படிக்கை செய்துகொண்டது. பொருளியல் புத்தகங்களில் இதற்கு என்ன பெயர் வைப்பார்களோ தெரியாது, வருவாய்த் திரட்டலில் இது தேர்ந்த ஆட்டம்.

அந்தச் சிக்கனத்துக்கு விலையும் இருந்தது. வெளித்தீவுகளில் மருத்துவ வசதி வளரவில்லை. நீர், கழிவகற்றல் இரண்டிலும் தெற்குத் தாராவா பின்தங்கியது. நாட்டின் பாதிப்பேர் அந்த ஒடுங்கிய நிலத்துண்டில் வந்து நெருங்கிய பிறகு குழந்தைகளின் வயிற்றுப்போக்கு அங்கே பொதுநோயாகிவிட்டது. காப்பு நிதியத்தைக் காத்ததைப் போற்றுபவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை. எதிர்காலத் தலைமுறைக்குச் சேமிப்பது என்ற பெயரில் இன்றைய தலைமுறையின் குழந்தையைக் குடிநீர் இல்லாமல் விடுவதற்கும் ஓர் எல்லை இருக்கத்தான் வேண்டும்.

எதிர்த்திசையில் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருந்தது. நவுருவிலும் அதே பாறை, அதே மூவர் ஆணையம்; 1968இல் விடுதலை பெற்றுச் சுரங்கத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. கிரிபாஸைவிடப் பல மடங்கு பணம் வந்தது. வரி கிடையாது, அரசு வேலை எல்லோருக்கும், சொந்த விமான நிறுவனம், மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம், லண்டனில் 1993இல் மேடையேறி ஓரிரு மாதத்தில் மூடப்பட்ட ஓர் இசை நாடகத்துக்கு முதலீடு. 2004இல் கடன் கொடுத்தவர்கள் அந்த மெல்போர்ன் கட்டடத்தை விற்றார்கள். அரசு நுகர்வு அங்கே காப்பீடாக இருக்கவில்லை; பங்கு பிரிக்கும் வழியாக இருந்தது. அந்தப் பணம் நின்றபோது சம்பளம் கொடுக்க வழியில்லாமல், ஆஸ்திரேலியாவின் அகதி முகாமை ஏற்று நடத்தும் வருமானத்துக்குத் தீவு போய்ச் சேர்ந்தது.

கிரிபாஸின் காப்பு நிதியம் 2000 வாக்கில் 60 கோடி டாலரைத் தாண்டியது. 1996 அளவில் தலைக்கான உண்மை மதிப்பைக் காப்பது என்று அரசு ஒரு கொள்கையும் வைத்துக்கொண்டது. ஆனால் 2003க்குப் பின் பற்றாக்குறையை நிரப்ப ஆண்டுதோறும் எடுக்கத் தொடங்கினார்கள். 2008இன் நிதி நெருக்கடி மீதியை அடித்தது. ஒரு நிதியத்தின் வட்டி நன்றாக வரும் ஆண்டில் ஆட்களைச் சேர்ப்பதும், வராத ஆண்டில் அசலில் கைவைப்பதும் பழக்கமானது அப்போதுதான். ஆள் சேர்ப்பு திரும்பப் பெற முடியாத செலவு. பீக்காக், வைஸ்மன் என்ற இரு பொருளியலாளர் பிரிட்டனின் போர்க்காலச் செலவைப் பார்த்து, ஏறிய படியில் இறங்குவது கடினம் என்று 1961இல் எழுதினார்கள். தீவில் போர் தேவைப்படவில்லை. ஒரு நல்ல ஆண்டே போதும்.

சூரையின் ஆண்டுகள்

மேற்கு, மத்திய பசிபிக்கின் சூரை வளம் உள்ள எட்டு நாடுகள் 1982இல் நவுரு உடன்படிக்கை என்ற பெயரில் கைகோத்தன. 2007 டிசம்பர் முதல் அவை கப்பலுக்கு உரிமம் விற்பதை விட்டுவிட்டு நாளுக்கு உரிமம் விற்கத் தொடங்கின. மொத்த நாட்களுக்கு உச்சவரம்பு, நாடுகளுக்கிடையே பங்கீடு, குறைந்த விலை ஒன்று. அந்தக் குறைந்த விலை 2012இல் நாளொன்றுக்கு 5,000 அமெரிக்க டாலர், 2015இல் 8,000. தமிழகக் கடற்கரையில் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் இடையே தீராத சண்டையாகிவிட்ட அதே சுருக்குமடி வலைதான் இங்கேயும், ஆனால் ராட்சத அளவில்; தைவான், கொரியா, ஜப்பான், அமெரிக்கக் கப்பல்கள். சண்டை போடாமல் விலை வைத்தார்கள் என்பது வேறுபாடு.

பணம் கொட்டியது. 2015இல் கிரிபாஸின் மீன்பிடி உரிம வருவாய் சுமார் 20 கோடி ஆஸ்திரேலிய டாலர், ஐந்தாண்டுக்கு முன் இருந்ததைப் போல் நான்கு மடங்குக்கு மேல். அந்த ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அது முக்கால் பங்குக்கும் அதிகம். இன்னொரு அதிர்ஷ்டமும் சேர்ந்தது: வலுவான எல் நினோ ஆண்டில் வெதுவெதுப்பான நீரைப் பின்தொடர்ந்து சூரைக் கூட்டம் கிழக்கே, கிரிபாஸ் கடலுக்குள் வரும். லா நினா வந்தால் மேற்கே, பாப்புவா நியூகினி பக்கம் ஒதுங்கிவிடும். அதாவது இந்த நாட்டின் அரசு வருவாயை, எந்த நிதியமைச்சரையும்விடக் கடலின் வெப்பநிலை அதிகம் தீர்மானிக்கிறது.

இங்கேதான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை. வெளிநாட்டுக் கப்பல் கொடுக்கும் உரிமக் கட்டணம் இயற்கை வளத்துக்கான வாடகை. நாட்டில் நடந்த உற்பத்தி அல்ல. ஆகவே அது மொத்த தேசிய வருமானத்தில் சேரும், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேராது. காப்பு நிதியம் வெளிநாட்டுச் சந்தையில் ஈட்டுவதும், ஜெர்மானியக் கப்பல்களில் வேலை பார்த்த கிரிபாஸ் மாலுமிகளின் சம்பளமும் அப்படியே. ஆனால் அந்த வாடகையில் சம்பளம் வாங்கும் ஆசிரியரின் சேவை உள்நாட்டு உற்பத்திக்குள் வருகிறது. வாடகையும் வட்டியும் வரும் ஒரு வீட்டின் செலவை, அந்த வீட்டுக் கொல்லையில் காய்த்த கத்திரிக்காயின் விலையோடு ஒப்பிட்டு ஊதாரி என்று சொல்வது போன்றது இந்த விகிதம். கிரிபாஸின் தேசிய வருமானம் அதன் உள்நாட்டு உற்பத்தியைப் போல் சில ஆண்டுகளில் ஒன்றரை மடங்குக்கும் மேல். தேசிய வருமானத்தை அடியில் வைத்து அரசு நுகர்வை வகுத்தால் விகிதம் அதே அளவுக்குத் தாழ்ந்துவிடும். அப்போதும் உயர்வுதான், ஆனால் வேற்றுக்கிரக எண்ணாக இருக்காது. பன்னாட்டு ஒப்பீட்டு அட்டவணைகள் இன்னும் உள்நாட்டு உற்பத்தியையே அடியில் வைப்பது சோம்பல் என்றுதான் சொல்வேன்.

ஆக, பெரிது என்பது இங்கே முதல் கவலையல்ல. இந்த நாட்டுக்குச் சொந்த நாணயம் இல்லை. ஆஸ்திரேலிய டாலரே புழங்குகிறது. நோட்டு அச்சடித்துச் சம்பளம் கொடுக்க முடியாது. கடனும் வெகுகாலம் மிகக் குறைவாகவே இருந்தது. வீண்செலவுக்குக் கட்டுப்பாடு வெளியிலிருந்தே இருக்கிறது. கவலைப்பட வேண்டியது வருவாயின் குணமும் செலவின் குணமும் பொருந்தாமல் இருப்பது. வருவாய் ஆண்டுக்கு ஆண்டு கடலோடு சேர்ந்து ஆடுகிறது. நுகர்வுச் செலவில் பெரும்பங்கான சம்பளம் ஒரே பக்கம்தான் நகரும். ராட்ரிக்கின் காப்பீட்டு வாதம் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். வெளியாபத்திலிருந்து குடும்பங்களை அரசு காக்கிறது என்றார் அவர். இங்கே ஆபத்து முதலில் இறங்குவதே அரசின் தலையில். காப்பாளருக்கே காப்பு வேண்டும். காப்பு நிதியத்தின் உண்மையான வேலை அது.

ஒரு சம்பளம் எத்தனை வீட்டுக்கு

காப்பீடு என்ற சொல் வேறொரு வகையில் இங்கே பொருந்தும். கிரிபாஸில் முறைசார்ந்த வேலைகளில் பெரும்பகுதி அரசிலும் அரசு நிறுவனங்களிலும் இருக்கிறது. அந்தச் சம்பளம் வாங்கியவரோடு நிற்பதில்லை. புபுஸி என்று ஒரு வழக்கம் உண்டு: உறவினர் ஒன்றைக் கேட்டால் மறுப்பது அவமானம். தாராவாவில் எழுத்தராக இருப்பவரிடம் வெளித்தீவிலிருந்து வந்த சித்தப்பா மகன் வலை வாங்கப் பணம் கேட்பார், தங்க இடம் கேட்பார், கொடுத்தாக வேண்டும். இதைத் தொழில் முனைவுக்குத் தடை என்று எழுதிய வெளிநாட்டு ஆலோசகர்கள் பலர். கடை வைத்தவரின் சரக்கெல்லாம் உறவுக்குப் போய்விடும் என்பது உண்மைதான். அதே வழக்கம்தான் ஓர் அரசுச் சம்பளத்தைப் பத்து வீடுகளின் பாதுகாப்பாக்குகிறது. ஆகையால் ஒரு பணியிடத்தைக் குறைக்கும்போது ஒரு குடும்பம் மட்டும் பாதிக்கப்படுவதாகக் கணக்குப் போடக் கூடாது.

கொப்பரை விலையை உயர்த்தியதை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அது முட்டாள்தனமாகத் தெரியாது. பணத்தைத் தாராவாவின் அலுவலகங்கள் வழியாகவும் புபுஸி வழியாகவும் சுற்றவிடாமல் வெளித்தீவுக்கு நேரே அனுப்பும் வழி அது. தாராவாவுக்கு ஆட்கள் பெயர்ந்து வருவதை ஓரளவு தடுக்கும் வழியும்கூட. ஆனால் உழைப்பையும் மரத்தையும் விலை இல்லாத பொருளில் கட்டிப்போடுகிறது என்ற குறையும் உண்மை. மானியத்தை விட்டுவிட்டு நேரடி உதவித்தொகை கொடுக்கலாம் என்ற வாதம் பொருளியலில் சரி. தேங்காயை வெட்டி உலர்த்திக் காசு வாங்குபவருக்கு அது கூலி. சும்மா கொடுத்தால் அது பிச்சை. அரசியல்வாதிகளுக்கு இது தெரியும்.

அரசு நுகர்வு உயர்ந்தால் உள்ளூர்ச் சந்தை வளரும் என்ற பாடநூல் வாக்கியமும் தீவில் அரைகுறையாகத்தான் பலிக்கும். சம்பளத்தில் வாங்கும் அரிசி, மாவு, டின் இறைச்சி, டீசல் எல்லாம் கப்பலில் வருகிறது. மீன் கொடுத்த டாலர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே போய்விடுகிறது. இதற்கு உச்ச எடுத்துக்காட்டு நமக்குப் பக்கத்து மாலத்தீவு. 2012இல் தொடங்கிய ஆசந்தா என்ற பொது மருத்துவக் காப்பீட்டில் இந்திய, இலங்கை மருத்துவமனைகளில் பெறும் சிகிச்சைக்கும் அரசு பணம் கட்டுகிறது. திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் நோயாளியோடு துணைக்கு வந்த திவெஹி மொழி பேசும் குடும்பங்களைப் பார்க்கலாம். அந்தக் கட்டணம் தேசியக் கணக்கில் மாலத்தீவு அரசின் நுகர்வு. வருமானம் நம்மூர் மருத்துவருக்கு.

2020 வாக்கில் கிரிபாஸின் காப்பு நிதியம் 100 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. மீன் பணம் வந்த ஆண்டுகளில் அதற்குள் திரும்பப் போட்டதும் பங்குச் சந்தை ஏறியதும் காரணம். தபாய் காலத்தோடு ஒப்பிட்டால் நிலை நல்லது. ஆனால் அடியில் இருப்பது இப்போதும் ஒற்றை வருவாய். கடல் சூடேறும்போது சூரை கிழக்கே, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலை நோக்கி நகரும் என்று 2021இல் வெளியான ஆய்வு கணித்தது. வெப்ப வாயு வெளியேற்றம் குறையாவிட்டால் 2050க்குள் பத்துப் பசிபிக் நாடுகளின் கடலில் சுருக்குமடிக்குக் கிடைக்கும் சூரை சராசரியாக 20 சதவீதம் குறையும் என்பது அதன் மதிப்பீடு. கிழக்கே இருப்பதால் கிரிபாஸுக்கு மற்றவர்கள் அளவு இழப்பு வராமலும் போகலாம். ஆனால் எட்டு நாடுகளின் கூட்டு விலை உடைந்தால் கிரிபாஸும் பாதிக்கப்படும். மேற்கே இருக்கும் பெரிய பங்காளிகள் இழப்பவர்களாக மாறும்போது கூட்டு எவ்வளவு நாள் நிற்கும் என்பது வேறு கேள்வி.

எனவே கிரிபாஸ் பட்ஜெட்டைப் படிப்பவர் நுகர்வு விகிதத்தைத் தேடுவதைவிட இரண்டு வரிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்: அந்த ஆண்டு புதிதாக உருவாக்கிய நிரந்தரப் பணியிடங்கள், அந்த ஆண்டு எதிர்பார்க்கும் மீன்பிடி வருவாய். எல் நினோ உச்சியில் கிடைத்த தொகையை வைத்து முதல் வரியை நீட்டியிருந்தால் அது 2003க்குப் பிந்திய தவறின் மறுபதிப்பு. மோசமான லா நினா ஆண்டின் தொகைக்குள் முதல் வரி அடங்கியிருந்தால், விகிதம் நாற்பதாக இருந்தாலும் அறுபதாக இருந்தாலும், செவிலியர்களைச் சேர்ப்பதில் தயங்க வேண்டியதில்லை. தெற்குத் தாராவாவில் அவர்களுக்கு வேலை இருக்கிறது.